விளையாட்டு முதலில், பிராசசர் கடைசியில்: ஒரே குடும்பத்தில் இரண்டு கேமிங் கம்ப்யூட்டர்

2025 டிசம்பரில் அக்கா மகன் ரிச்சி தெருக் கடை ஒன்றில் வாங்கிய கொட்டேஷனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அக்கா சீட்டு எடுத்த பணம், ஒரு லட்சத்து இருபதாயிரம். முதல் வரியிலேயே ஐ7 பிராசசர், அடுத்து லிக்விட் கூலர், கண்ணாடி போட்ட கேபினட், கலர் கலராக மின்னும் ஆறு ஃபேன். கீழே இறங்க இறங்கக் கை சுருங்கியிருந்தது. ராம் 16 ஜிபி, அதுவும் ஒரே ஸ்டிக். கேமின் காட்சியை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி. எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் '650 வாட்' என்று மட்டும் இருந்தது, எந்தக் கம்பெனி என்று இல்லை. கடைசி வரி: விண்டோஸ், ஃப்ரீ.

"மாமா, ஐ7 போட்டிருக்காங்க. ஓகேதானே?"

"நீ என்னடா விளையாடப்போற?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்கவில்லையாம்.

வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கிறவர்களில் நிறையப் பேர் அந்தக் கொட்டேஷன் போகிற வரிசையிலேயே யோசிக்கிறார்கள். முதலில் பிராசசர், அதற்கேற்ற மதர்போர்டு, மிச்சக் காசுக்கு ஒரு கார்டு, விண்டோஸ் எப்படியாவது வந்துவிடும். நான் இதைத் தலைகீழாகப் போடுவேன். என்ன விளையாடப்போகிறோம் என்று தெரிந்தால் விண்டோஸா, இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸா என்பது தெரிந்துவிடும். அது தெரிந்தால் எந்தக் கம்பெனி கார்டு என்பதில் பாதி முடிந்துவிடும். கார்டும் மானிட்டரும் முடிவான பிறகு பிராசசருக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே மாதத்தில் என்னுடைய பழைய கம்ப்யூட்டருக்கும் உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே மாதிரி யோசித்தும் அவனுக்கு ஒரு விடை, எனக்கு நேர் எதிரான விடை.

விண்டோஸா, லினக்ஸா?

அவன் பட்டியலில் வேலரன்ட், ஈஏ எஃப்சி, ஜிடிஏ ஆன்லைன். மூன்றுமே நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது. என் பட்டியலில் விட்சர் 3, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, எல்டன் ரிங், எப்போதாவது டோட்டா 2. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆள் நான்.

பத்து வருஷத்துக்கு முன்பு லினக்ஸில் கேம் ஆடுகிறேன் என்றால் சிரித்திருப்பார்கள். நிலைமையை மாற்றியது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி. 2018 ஆகஸ்டில் அவர்கள் புரோட்டான் என்ற ஒன்றை வெளியிட்டார்கள். விண்டோஸுக்காக எழுதிய கேம் 'டைரக்ட்எக்ஸ்' மொழியில் கார்டிடம் பேசும். புரோட்டான் அதை ஓடுகிற ஓட்டத்திலேயே லினக்ஸுக்குப் புரிகிற 'வல்கன்' மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி முழுக்க இதை நம்பித்தான் ஓடுகிறது, அதன் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். ஆக, இன்றைக்குத் தனியாள் ஆடும் கேம்களில் பெரும்பாலானவை ஸ்டீமில் 'இன்ஸ்டால்' அழுத்தினால் ஓடிவிடுகின்றன. டோட்டா 2, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டுக்கும் நேரடி லினக்ஸ் பதிப்பே உண்டு.

இடிப்பது ஆன்டி-சீட்டில். ஆன்லைனில் ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் அந்த மென்பொருள்களில் சில ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடி ஆழம் வரை இறங்கி உட்காரும். வேலரன்டின் வேன்கார்ட் அப்படிப்பட்டது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே அதுவும் எழுந்துவிடும், லினக்ஸுக்கு வராது. ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் கிடையாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் கதவை மூடிவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ ஆன்டி-சீட் வந்தபோது லினக்ஸ்காரர்களை வெளியே தள்ளியது. கதையைத் தனியாக ஆடலாம், கூட்டத்தில் சேர முடியாது. தொழில்நுட்பத்தால் முடியாது என்றும் இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021லேயே புரோட்டானுக்கு வழி வைத்துவிட்டன. கேம் கம்பெனி 'சரி' சொன்னால் போதும். எல்டன் ரிங் சொன்னது, ஓடுகிறது. சொல்ல மறுப்பவர்களை நாம் வீட்டில் உட்கார்ந்து மாற்ற முடியாது.

அதனால் அவன் விஷயத்தில் விவாதமே இல்லை. வேலரன்ட் வேண்டும் என்றால் விண்டோஸ் 11. அதிலும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேன்கார்ட் கேமைத் திறக்கவே விடாது.

என் கதை வேறு. என்னிடம் இருந்தது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 1600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசசர் பட்டியலிலோ முதல் தலைமுறை ரைசன் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை 'பழசு' என்று சொல்லி சாவியைப் பிடுங்கினால் கோபம் வரத்தானே செய்யும்? அந்தக் கோபத்தில்தான் லினக்ஸ் பக்கம் போனேன். என் பட்டியலில் இருந்த எல்லாமே ஓடியதால் அங்கேயே இருக்கிறேன்.

லினக்ஸிலும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்புவார்கள். இரண்டைப் பார்த்தால் போதும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாசைட், கேம் ஆடுவதற்கென்றே தயாரானது. ஸ்டீம் உள்ளேயே இருக்கும், அப்டேட் ஏதாவது சொதப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம், ஆனால் சிஸ்டத்துக்குள் கை வைத்துக் குடைய அவ்வளவாக விடாது. லினக்ஸ் மின்ட், அன்றாட வேலைகளும் கேமும் கலந்து செய்கிறவர்களுக்கு. விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு அந்நியமாகத் தெரியாது, புதுக் கார்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். நான் பாசைட் போட்டேன். புதுக் கார்டு வாங்கப்போகிறேன் என்று தெரிந்ததுதான் காரணம்.

அந்த 'விண்டோஸ், ஃப்ரீ' விஷயத்துக்கு வருகிறேன். அதற்குப் பொருள் க்ராக், அதாவது திருட்டு விண்டோஸ். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு எவனோ எழுதிய ஆக்டிவேட்டரை ஓட்டிக் கொடுப்பார்கள், அதே கம்ப்யூட்டரில்தான் பையன் யுபிஐ, பேங்க் எல்லாம் திறப்பான். முறைப்படி வாங்குவதில் இரண்டு வகை. ஓஇஎம் லைசென்ஸ் விலை குறைவு, ஆனால் அந்த மதர்போர்டோடு கட்டிப்போட்டது, போர்டு போனால் லைசென்ஸும் போச்சு. ரீடெயில் லைசென்ஸை அடுத்த கம்ப்யூட்டருக்கு எடுத்துப்போகலாம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ எங்கிருந்து வந்தது என்று விற்பவனுக்கே தெரியாது. இரண்டு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கி ஆக்டிவேட் செய்யாமல் வைத்திருப்பது க்ராக்கைவிட எவ்வளவோ மேல். மூலையில் ஓர் எழுத்து தெரியும், வால்பேப்பர் மாற்ற விடாது, கேம் ஓடும். அதையே நிரந்தரமாக்கிக்கொள்ளக் கூடாது என்பது லைசென்ஸ் விதி. அவனுக்கு ரீடெயில் வாங்கினோம்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள ஆசையா? எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி டிரைவ் ஒன்றையே பிரித்துப் போடாதீர்கள், இரண்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். அதுவும் முழுக் காப்பு என்று நினைக்காதீர்கள்: 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், கூட இருந்த லினக்ஸைப் பலருக்குப் பூட் ஆகவிடாமல் செய்தது. கேம்களை ஒரே இடத்தில் வைத்து இரண்டிலும் ஆடலாம் என்ற கணக்கும் ஒத்துவராது. விண்டோஸ் வடிவத்தில் ஃபார்மட் செய்த டிரைவில் புரோட்டான் அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

கார்டில்தான் காசைப் போட வேண்டும்

1080பி அல்லது அதைவிடக் கூர்மையான 1440பி மானிட்டருக்கு, நடுத்தர பட்ஜெட்டில் எங்கள் முன் நின்றவை நான்கு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, அதன் அண்ணன் 5060 டிஐ 16 ஜிபி, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, இன்டெலின் ஆர்க் பி580. இங்கே விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அமெரிக்க அறிமுக விலையைச் சொல்கிறேன், ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று பார்க்க அது போதும். முறையே 299, 429, 349, 249 டாலர்.

5060இல் குறை 8 ஜிபி நினைவகம். வேலரன்டுக்கு அதுவே அதிகம். ஆனால் புதிதாக வரும் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (காட்சிப் பரப்புகளின் நுணுக்கத்தை) உயர்த்தி வைத்தால் 8 ஜிபி நிரம்பி, படம் திக்கித் திக்கி ஓடும். இன்னொரு நுணுக்கம் உண்டு. 5060உம் 5060 டிஐயும் மதர்போர்டோடு எட்டு லேன் (தரவு போகும் தடம்) வழியாக மட்டுமே பேசும். என் பி450 போன்ற பழைய பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் இணைப்பின் முந்தைய தலைமுறை) போர்டில் செருகினால் அந்தப் பாதை குறுகலாகிவிடும். 8 ஜிபி நிரம்பி வழியும் நேரத்தில்தான் அந்தக் குறுகல் உறைக்கும். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன். பழைய போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுகிறவர்கள் கடையில் சொல்லாத இந்த விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆர்க் பி580க்கு 12 ஜிபி, அந்த விலைக்கு அது தாராளம்தான். ஆனால் இது சம்பந்தி வீட்டுப் பலகாரம் மாதிரி, எல்லாம் சரியாக அமைந்தால் அருமை. கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாகத் தொடவிடும் ரீசைஸபிள் பார் என்ற வசதி பயாஸில் ஆன் ஆகியே தீர வேண்டும். பிராசசர் சற்றுப் பழசாக இருந்தால் கார்டின் முழு வேகம் வெளிவராது. விலை குறைந்த கார்டைத் தேடுகிறவரிடம் பெரும்பாலும் பழைய பிராசசர்தானே இருக்கும்! அதனால்தான் நான் அதைத் தள்ளி வைத்தேன்.

மிச்சம் 9060 எக்ஸ்டி, 5060 டிஐ. சாதாரணமாக ஓட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 5060 டிஐ கொஞ்சம் முந்தும். விலை வித்தியாசமோ 80 டாலர். கேம் மட்டும்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 9060 எக்ஸ்டி என்பேன். லினக்ஸ் என்றால் கண்ணைத் திறந்துகொண்டே அதைச் சொல்வேன். ஏஎம்டி டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம், வால்வ் கம்பெனியே அதைச் செம்மைப்படுத்த உழைக்கிறது. என்விடியா கார்டும் லினக்ஸில் ஓடும்தான், முன்பு போல மோசமில்லை. ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் பலவற்றில் விண்டோஸில் கிடைக்கிற வேகம் அங்கே கிடைப்பதில்லை. கொடுத்த காசில் கொஞ்சம் வழியிலேயே சிந்திவிடுகிறது. என் கம்ப்யூட்டருக்கு 9060 எக்ஸ்டி வாங்கினேன். ஒரே எச்சரிக்கை: லினக்ஸில் ஏஎம்டி கார்டை எச்டிஎம்ஐ வழியாக 4கே டிவியில் 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 முறை படம் மாற) ஓட்ட ஆசைப்படாதீர்கள். திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1ஐச் சேர்க்க, அந்தத் தரத்தை நிர்வகிக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் மறுத்துவிட்டது. மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டால் பிரச்சினை இல்லை.

மருமகன் படிப்பது விஸ்காம். பிளெண்டரில் முப்பரிமாண வேலை, வீடியோ எடிட்டிங் எல்லாம் உண்டு. பிளெண்டரில் ரெண்டர் செய்ய (செய்த வேலையை இறுதிப் படமாக மாற்ற) என்விடியாவின் ஆப்டிக்ஸ் முறைக்கு ஈடாக மற்ற இரண்டு கம்பெனியிடமும் இல்லை, பெரிய காட்சியைக் கார்டுக்குள் அடக்க 16 ஜிபியும் தேவை. எனவே 5060 டிஐ 16 ஜிபி. கொட்டேஷனில் இருந்த 8 ஜிபி கார்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு எங்கே போவது? லிக்விட் கூலர், கண்ணாடி கேபினட், ஆறு மின்னும் ஃபேன் மூன்றையும் அடித்துவிட்டு, ஐ7ஐயும் இறக்கினேன். துண்டு விழுந்தது சரியாகிவிட்டது. அவன் முகம்தான் கொஞ்சம் வாடியது.

பிராசசரும் ராமும்

அந்த ஐ7 இன்டெலின் 13ஆம் தலைமுறை. 13, 14ஆம் தலைமுறையின் மேல்நிலைப் பிராசசர்களில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி, நாளடைவில் சிப் பழுதாகும் சிக்கல் இருந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் 0x129 என்ற திருத்தத்தை பயாஸ் அப்டேட் வழியாக வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. இன்றைக்குப் புதுப் பெட்டியை வாங்கி, முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் செய்தால் பயப்பட வேண்டியதில்லை. நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. இந்தக் கார்டுக்கு அவ்வளவு பெரிய பிராசசர் தேவையே இல்லை, அந்த மதர்போர்டில் அடுத்து செருக எதுவும் வரப்போவதும் இல்லை.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வைத்தே இதைச் சொல்லலாம். 2017இல் ரைசன் 1600க்காக வாங்கிய போர்டில் ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு 2022இல் வந்த பிராசசரைச் செருக முடிந்தது. என் பி450லும் அதைத்தான் செய்தேன். 1600ஐக் கழற்றி, ரைசன் 5 5600 போட்டேன். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், கழற்றிய பிறகு நினைவு வந்து பயனில்லை. ஏஎம்5 சாக்கெட்டையும் 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அவனுக்கு ஏஎம்5இல் ரைசன் 5 7600, பி650 போர்டு. ஆறு கோர், 65 வாட், கூலர் பெட்டியிலேயே வரும். வேலரன்டில் நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஃபிரேம் (படம்) தரும். கேமுக்கென்றே பெரிய கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) வைத்த 7800எக்ஸ்3டி போன்றவை பிரமாதம்தான், ஆனால் இந்த பட்ஜெட்டில் அதை எடுத்தால் கார்டு தேய்ந்துவிடும். காசு இன்னும் குறைவு என்றால் இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசரை டிடிஆர்4 போர்டில் போடலாம். அந்த 12ஆம் தலைமுறைக்கு மேலே சொன்ன சிக்கல் கிடையாது.

ராமில் பழைய டிடிஆர்4ஆ, புது டிடிஆர்5ஆ என்பது இப்போது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, பர்ஸ் கேள்வி. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை தங்கம் மாதிரி ஏறிவிட்டது. அந்த டிசம்பரில்தான் மைக்ரான் கம்பெனி, குரூஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த தொழிலையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. கையில் டிடிஆர்4 ஸ்டிக் இருக்கிறவர் அதைத் தூக்கிப்போட்டு ஏஎம்5க்குப் போவது இப்போதைக்கு வீண். எதுவும் இல்லாதவர் டிடிஆர்5 வாங்கி ஏஎம்5இல் உட்காருவதே சரி, எப்படியும் காசு கொடுக்கத்தானே போகிறோம். 32 ஜிபி போட நினைத்தோம், விலை கேட்டு 16 ஜிபியில் நின்றோம். ஆனால் ஒரே 16ஆக வேண்டாம், இரண்டு 8ஆகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினோம். ஒற்றை ஸ்டிக்கில் பிராசசருக்குப் பாதை பாதியாகிவிடும், வேலரன்ட் மாதிரி பிராசசரை நம்பி ஓடும் கேமில் அது அப்படியே தெரியும். ஸ்டிக்கைச் செருகினால் மட்டும் அதன் முழு வேகம் வராது, பயாஸில் எக்ஸ்போ என்பதை ஆன் செய்ய வேண்டும். ஏஎம்5க்கு 6000 வேகம் அளவான தேர்வு.

மின்சாரம், வெயில், தூசி

பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் நான் சமரசமே செய்யமாட்டேன். அது செத்தால் தனியாகச் சாகாது, போகும்போது போர்டையும் கார்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடும். 5060 டிஐ எடுப்பது 180 வாட், மொத்தப் பெட்டியும் 350 வாட்டைத் தாண்டாது. எனவே 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச் சான்று), பெயர் தெரிந்த கம்பெனி, ஐந்து வருஷ வாரன்டி. 850 வாட் கோல்டு என்றெல்லாம் ஆசை காட்டினால் தலையாட்டாதீர்கள்.

கடைகளில் கூடவே கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் சுமார் 360 வாட்தான் தாங்கும். சும்மா இருக்கும்போது சரி. கேம் உச்சத்தில் இருக்கையில் கரண்ட் போனால், மானிட்டரும் சேர்ந்து, பீப் என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் அணைந்துவிடும். 1000 விஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்களுக்கு, அது மாறுகிற நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? கம்ப்யூட்டரில் கோளாறு என்று பிரிக்காதீர்கள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியா, வலையா என்றால் ஏசி இல்லாத அறைக்கு வலைதான். சென்னை மே மாதத்தில் அறையே 36 டிகிரி இருக்கும்போது, முன்னால் கண்ணாடியை மாட்டினால் ஆறு ஃபேன் இருந்தும் உள்ளே வருவதற்குக் காற்று வேண்டுமே. தூசி வரும், வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிப் போடலாம்.

எஸ்எஸ்டி 1 டிபி, வேகமான என்விஎம்இ வகை. பெரிய கேம் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுவதால் 500 ஜிபி இரண்டு மாதத்தில் நிரம்பிவிடும். மானிட்டர் அவனுக்கு 180 ஹெர்ட்ஸ், 1080பி. வேலரன்ட் ஆடுகிறவனுக்குக் கூர்மையைவிட வேகம் முக்கியம். எனக்கு 1440பி, கதை ஆடுகிறவனுக்குக் காட்சி முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து இரண்டு மணிக்குள் கட்டி முடித்தோம். அவன் வீட்டுக்கு எடுத்துப்போன அன்று ராத்திரி போன். "மாமா, வேலரன்ட்ல 60க்கு மேல போகல. ஜிடிஏ ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுது. கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ?"

"கேபிளை எங்கடா சொருகியிருக்க?"

மதர்போர்டில் செருகியிருந்தான். 7600க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது, அதனால் படம் வந்துவிட்டது. என் 5600ஆக இருந்தால் திரை கறுப்பாக நின்று அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும். கேபிளைக் கார்டுக்கு மாற்றச் சொன்னேன். பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸாகவே இருந்ததை 180க்கு ஏற்றச் சொன்னேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "ஒரு லட்சத்து இருபதாயிரம் குடுத்து வாங்கிட்டு, ஒரு லைட்டுகூட எரியலையேடா இதுல?"